ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வாலிநோக்கம் உப்பளத்தில்
லாரி எடைமேடைக்கு நான் பொறுப்பு.
பார வண்டியில் வெறும் வண்டியைக் கழித்தால்
மிச்சம் உப்பு.
இதைத்தான் எட்டு வருடமாக எழுதுகிறேன்.
இப்போது வலது கை எழுதும்போது
இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது.

போன பங்குனியில்
தலை குனிந்து ரசீது கிழித்தபோது
கழுத்திலிருந்து குதிகால்வரை
மின்சாரம் ஒன்று இறங்கிப் போனது.
வயரைத் தொட்டுவிட்டேனோ என்று
களஞ்சியம் அக்கா மேசைக்கடியில் தேடினாள்.
அங்கே வயர் இல்லை.
எனக்குள் இருக்கிறது, மேலுறை பிய்ந்து,
என்று மதுரையில் படம் எடுத்துச் சொன்னார்கள்.
கூடவே இன்னொரு தாள்:
வைட்டமின் டி, ஒன்பது.
முப்பதாவது இருக்க வேண்டுமாம்.

ஊர் சிரித்தது.
வெயிலை வாரி லாரியில் ஏற்றுகிற ஊரில்
வெயில் பத்தாத ஒருத்தி.
மேஸ்திரி வழிவிட்டான் சொன்னார்:
"பாத்தியில ஒரு மணி நேரம் நில்லு தாயி.
கடத்தண்ணியே கல்லாகுது, நீ தேற மாட்டியா?"
நின்றேன்.
பத்து நிமிடத்தில் உப்புக் குவியல் ஒவ்வொன்றும்
இரண்டிரண்டாகத் தெரிந்தது.
கால்கள் வேறு யாருடையவையோ ஆயின.
சூடு ஏறினால் என் நரம்புகள் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

சூரியன் எனக்கு எட்டாத தூரத்தில் இல்லை.
தொட முடியாத பக்கத்தில் இருக்கிறது.
அதனால் சீனி இபுராகிம் மருந்துக்கடையில்
நாலு நாலாக அட்டையில் வாங்குகிறேன்.
அறுபதாயிரம் யூனிட்,
வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளாக அசையும்.
மறக்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.
ஞாயிறை ஞாயிறன்று விழுங்குவது
அவருக்குத் தோன்றியிராது.
கொழுப்போடு போனால்தான் ஒட்டுமாம்,
சாளைக் குழம்புச் சோற்றுக்குப் பின்னால் போடுகிறேன்.

ஒரு இரவு வண்டி வராத நேரத்தில்
அட்டையை எடைமேடையில் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் மேடை.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
நானும் ஏறிப் பக்கத்தில் நின்றேன்.
ஐம்பது.
இதில் எது வெறும் வண்டி, எது பாரம் என்று
மேடை சொல்லவில்லை.

எட்டு வாரத்தில் ஒன்பது, முப்பத்தொன்றானது.
வீட்டுக்காரர் சிக்கல் விலக்கில் இறங்கி
அல்வா வாங்கி வந்தார்.
பாதங்கள் மட்டும்
சேதி போய்ச் சேராத வீடுபோல் கிடந்தன.
"இது குறையை நிரப்பும்மா. நோயைத் தீர்க்கும்னு
நான் சொல்லலையே" என்றார் டாக்டர்.
அவர் சொல்லவில்லைதான்.
சொன்னது நான், எனக்கு.
இன்னும் ரெண்டு கூடப் போட்டால்?
"கூடினாலும் கெடுதி.
உப்புக்காரி நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

இப்போது மாதம் ஒன்று.
விடிகாலையில், வெயிலுக்குப் பல் முளைக்கும் முன்
வரப்பில் நடக்கிறேன்.
கச்சான் காற்று சேலையை ஒரே பக்கமாகத் தள்ளும்.
நேற்று திரும்பிப் பார்த்தால்
வரப்பு நெடுக சிவப்புச் சொட்டுகள்.
பாவம், யாருக்கோ காலில் வெட்டு என்று நினைத்தேன்.
அந்நேரம் அங்கே வேறு யாரும் நடக்கவில்லை.

காயத்தில் உப்பு என்பார்களே,
எரியட்டும் என்று
இடது காலைப் பாத்தித் தண்ணீரில் இறக்கினேன்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் சுண்டுவிரல் பக்கம்
யாரோ அடுத்த ஊரிலிருந்து
என் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்...
எரிந்ததா,
எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேனா?

எடைமேடையில் முதல் லாரி ஹாரன் அடித்தது.
காலை வெளியே எடுக்காமல்
"இந்தா வர்றேன்" என்றேன்
இரண்டு பேருக்கும்.